எழுத்தைத் தடித்துப் போட்டால் வேகமாகப் படிக்க முடியுமா?

வேகம், வேகம், வேகம்! இன்று எங்கும் இதே பேச்சு.

ரயில் வேகமாகப் போக வேண்டும். சோறு வேகமாக வேக வேண்டும். கடிதம் அனுப்பினால் அடுத்த நொடியே பதில் வர வேண்டும். இந்த ஆசை இப்போது படிப்பிலும் புகுந்துவிட்டது.

"எங்கள் முறையில் படித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகத்தை முடித்துவிடலாம்" என்று ஒரு விளம்பரம் சொல்கிறது. "எங்கள் எழுத்தில் அச்சடித்தால் மனம் அலையாது" என்கிறது இன்னொன்று. "நிமிடத்துக்கு ஆயிரம் சொற்கள் படிக்கப் பழக்குகிறோம்" என்கிறது மூன்றாவது. பிள்ளை பரீட்சையில் தேற வேண்டுமே என்று கவலைப்படும் தாய் தந்தையர் இவற்றைப் பார்த்து மயங்குகிறார்கள். பணமும் கட்டுகிறார்கள்.

எழுத்தின் தோற்றத்தை மாற்றினால் படிப்பு வேகமாகுமா? மனம் நிலைத்து நிற்குமா?

விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்துக்கு வேஷம் போட்டால் பயன் இல்லை. படிப்பவருக்கு உள்ள தடையை நீக்கினால் பயன் உண்டு.

இவை இரண்டும் வேறு வேறு. எப்படி என்று பார்ப்போம்.

கண் எப்படிப் படிக்கிறது?

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நாம் நினைக்கிறோம். அது தவறு. கண் தவளையைப் போலத் தாவுகிறது. ஓர் இடத்தில் நிற்கிறது. பிறகு தாவுகிறது. மீண்டும் நிற்கிறது. இதை 1870களிலேயே பாரிஸ் நகரில், எமில் ழாவல் என்ற கண் மருத்துவரும் அவருடைய கூட்டத்தாரும் கவனித்தார்கள்.

நீங்களும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய பத்திரிகையின் நடுவில் சிறு துளை போடுங்கள். ஒருவர் அதை முகத்துக்கு நேராகப் பிடித்து, மனதுக்குள் படிக்கட்டும். மற்றவர் எதிரே இருந்து, துளை வழியாக அவருடைய கண்ணைப் பார்க்கட்டும். கண் விட்டு விட்டுத் துள்ளுவது நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இது நல்ல வேடிக்கை.

கண் ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ கால் நொடி நிற்கிறது. ஆங்கிலம் படிப்பவருக்கு ஒரு தாவலில் 7 முதல் 9 எழுத்துகள் வரை கடக்கின்றன. பத்துத் தாவலில் ஒன்று பின்னோக்கிப் போகும். சரியாகப் புரியாத சொல்லை மறுபடி பார்ப்பதற்காகக் கண் திரும்புகிறது.

ஏன் இப்படித் தாவ வேண்டும்? கண்ணின் நடுவில் ஒரு சிறு பகுதிதான் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிக் கட்டை விரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலந்தான் கூர்மையாகத் தெரியும் இடம். மற்றதெல்லாம் மங்கல். ஒரு வரியின் நடுவில் ஒரே சொல்லை உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல் அந்த வரியின் கடைசிச் சொல்லைப் படிக்க முயலுங்கள். முடியாது!

ஆகவே, "ஒரே பார்வையில் ஒரு பக்கத்தையே விழுங்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கண்ணின் அமைப்பே அதற்கு இடம் கொடுக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பில் நேரம் பிடிப்பது கண்ணின் ஓட்டம் அல்ல. கண் கொண்டுவந்த சொல் என்ன என்று மனம் கண்டுகொள்ள வேண்டும். முன் சொல்லோடு அதைச் சேர்க்க வேண்டும். பொருளை உணர வேண்டும். அங்கேதான் நேரம் ஆகிறது. வண்டியை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், சரக்கை இறக்க ஆள் வேண்டுமல்லவா?

பாதி தடிப்பு, பாதி மெலிவு

2022ஆம் ஆண்டில் ஒரு புதுமை உலகமெங்கும் பரவியது. அதன் பெயர் 'பயோனிக் ரீடிங்'. சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ரெனாட்டோ காசுட் என்ற அச்சுக் கலைஞர் அதை உருவாக்கினார்.

அது என்ன? ஒவ்வொரு சொல்லிலும் முதல் சில எழுத்துகளை மட்டும் தடிப்பாகப் போடுவார்கள். மற்ற எழுத்துகள் மெல்லியதாக இருக்கும். 'புத்தகம்' என்ற சொல்லில் 'புத்த' தடிப்பு, 'கம்' மெலிவு. தொடக்கத்தைப் பார்த்த உடனே முழுச் சொல்லையும் மனம் நிரப்பிக்கொள்ளும், அதனால் படிப்பு வேகமாகும் என்று சொன்னார்கள்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஜனங்களும் ஆஹா என்றார்கள். சிலர் தங்களுக்கு மனம் அலைவதே நின்றுவிட்டது என்றார்கள்.

சோதனை என்ன சொன்னது? அதே 2022இல் 'ரீட்வைஸ்' என்ற நிறுவனம் 2,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தது. சாதாரண எழுத்தையும், பாதி தடித்த எழுத்தையும் அவர்களிடம் படிக்கக் கொடுத்தது. வேகம் கூடவில்லை. சராசரியாகப் பார்த்தால், தடித்த எழுத்தில் ஒரு சிறிது குறைந்தே இருந்தது. 2024இல் ஜோஷ்வா ஸ்னெல் என்ற நெதர்லாந்து ஆராய்ச்சியாளரும் சோதித்தார். இந்த முறை வேலை செய்யவில்லை என்பதைத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அப்படியானால் நன்மை கண்டதாகச் சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. புதிய தோற்றம் எதுவானாலும் முதலில் நம்மை விழிப்பாக உட்கார வைக்கும். புதுச் செருப்புப் போட்டவன் நடை கொஞ்ச நாள் தனியாகத் தெரிவதில்லையா, அதைப் போல. வேகமாகப் படிப்பதாகத் தோன்றுவது வேறு. வேகமாகப் படிப்பது வேறு. கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் பிரியும்.

தமிழில் இது ஆபத்து

தமிழில் இந்தத் தந்திரத்துக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நம் மொழியில் சொல்லின் வால் பகுதியில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது.

'கொடுத்தான்' என்றால் ஆண். 'கொடுத்தாள்' என்றால் பெண். 'கொடுத்தால்' என்றால் இனிமேல்தான் கொடுக்க வேண்டும். 'கொடுக்கவில்லை' என்றால் கொடுக்கவே இல்லை! நான்குக்கும் தலை ஒன்றுதான்: 'கொடு'. தலையைத் தடிப்பாக்கி வாலை மங்க வைத்தால் என்ன ஆகும்? கொடுத்தவனும் கொடுக்காதவனும் ஒன்றாகிவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் 'இல்லை' என்பதைத் தனிச் சொல்லாக எழுதுவார்கள். தமிழில் அது பெரும்பாலும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் வருகிறது. ஆகவே தமிழைக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும்.

மின்னி மறையும் சொற்கள்

2014இல் இன்னொரு தந்திரம் வந்தது. 'ஸ்பிரிட்ஸ்' என்று பெயர். செல்போன் திரையில் ஒரு சொல் மின்னும். மறையும். அதே இடத்தில் அடுத்த சொல் மின்னும். கண் தாவ வேண்டிய வேலையே இல்லை. அந்த நேரம் மிச்சம் என்றார்கள்.

ஆனால் கண் பின்னோக்கித் திரும்புவதைப் பற்றி மேலே சொன்னோமே, அதற்கு இங்கே வழி இல்லை. போன சொல் போனதுதான்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். படிப்பவரின் கண் ஒரு சொல்லைக் கடந்ததும், அந்தச் சொல்லைத் திரையில் மறைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் அந்தச் சொல் தெரியாது. பிறகு, படித்ததைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். புரிந்துகொள்வது குறைந்துவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? படித்த வரியை மறுபடி படிப்பது மந்த புத்தி அல்ல. கண் தன் கடமையைச் செய்கிறது. சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்ப்பவன்தான் நன்றாகப் படிக்கிறவன்.

விரைவுப் படிப்புப் பள்ளி

வேகப் படிப்பு வியாபாரம் புதியது அல்ல. அமெரிக்காவில் ஈவ்லின் உட் என்ற ஆசிரியை, 1959இல் இதற்கென்றே பள்ளி தொடங்கினார். பக்கத்தின் மேல் கையை ஓட்டிக்கொண்டே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்களைப் படிக்கலாம் என்றார். ஜனாதிபதி கென்னடியின் அலுவலர்கள் இந்தப் பாடத்தைக் கற்றார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதி கார்ட்டரும் கற்றார். பெரிய இடத்து ஆட்கள் சேர்ந்தார்கள் என்றால் புகழுக்குக் கேட்க வேண்டுமா?

2016ஆம் ஆண்டில் கீத் ரெய்னர் முதலிய ஐந்து அறிஞர்கள், அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கூறிய தீர்ப்பு இது: வேகத்தை மிகவும் கூட்டினால், புரிந்துகொள்வது குறையும். இரண்டையும் ஒன்றாகப் பெற வழி இல்லை.

நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிப்பதாகச் சொல்பவர் உண்மையில் படிக்கவில்லை. நுனிப்புல் மேய்கிறார். அதுவும் சில சமயம் தேவைதான். பழைய பத்திரிகைக் கட்டில் ஒரு செய்தியைத் தேடும்போது நாம் எல்லோரும் மேயத்தான் செய்கிறோம். ஆனால் மேய்ச்சலுக்குப் படிப்பு என்று பெயர் சூட்டிப் பணம் வாங்கக் கூடாது.

சாதாரண மனிதர் எவ்வளவு வேகமாகப் படிக்கிறார்? பெல்ஜியம் நாட்டு அறிஞர் மார்க் பிரிஸ்பேர்ட், 190 ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் கணக்குப் போட்டார். ஆங்கிலம் நன்றாகப் படித்த பெரியவர்கள், கட்டுரையை மனதுக்குள் படிக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள். அவ்வளவுதான்! தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லில் சொல்வதைத் தமிழ் ஒரே சொல்லில் சொல்லிவிடும். ஆகவே அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே பொருத்தி, நாம் மந்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

விசேஷ எழுத்துகள்

சில குழந்தைகள் புத்திசாலிகளாக இருப்பார்கள். கணக்குப் போடுவார்கள், நன்றாகப் பேசுவார்கள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பது மட்டும் அவர்களுக்குப் பெரும் பாடு. இதை 'டிஸ்லெக்சியா' என்கிறார்கள். இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் உள்ள கஷ்டம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இதுபோன்ற கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தக் குழந்தைகளுக்காகவே விசேஷ எழுத்துகள் வந்தன. நெதர்லாந்தில் கிறிஸ்டியன் போயர் என்பவர் 2008இல் ஒன்றை வரைந்தார். எழுத்தின் அடிப்பாகம் கனமாக இருக்கும். அப்படி இருந்தால் எழுத்து மனதில் தலைகீழாகப் புரளாது என்று எண்ணினார்கள்.

நெதர்லாந்துக் குழந்தைகளை வைத்தே அதைச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. சாதாரண எழுத்தைவிட அந்த எழுத்தில் வேகமும் கூடவில்லை, தவறும் குறையவில்லை.

ஆனால் ஒன்று உதவியது. அது எழுத்தின் உருவம் அல்ல. எழுத்துகளுக்கு இடையே விட்ட இடைவெளி! 2012இல் இத்தாலியிலும் பிரான்சிலும் இந்தக் குறை உள்ள 74 குழந்தைகளுக்கு, எழுத்துகளைத் தள்ளித் தள்ளி அச்சடித்துக் கொடுத்தார்கள். தவறுகள் குறைந்தன. வேகமும் கூடியது. நெருக்கமாக நிற்கும் எழுத்துகள் அந்தக் குழந்தைகளை அதிகமாகக் குழப்புகின்றன. கூட்டத்தை விலக்கினால் ஆளை அடையாளம் தெரிகிறது.

இதனால் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணக் கூடாது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்தான் அந்தக் குழந்தைக்கு மருந்து. விசேஷ எழுத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், போகும் காலம் திரும்பி வராது.

நினைவில் நிற்க வைக்கும் எழுத்து என்றும் ஒன்று வந்தது. 2018இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் செய்தார்கள். எழுத்துகள் அங்கங்கே அறுந்து, சாய்ந்து இருக்கும். கஷ்டப்பட்டுப் படித்தால் மறக்காது என்று சொன்னார்கள். 2020இல் இங்கிலாந்து, நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 882 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். நினைவு கூடவில்லை. கஷ்டம் மட்டும் மிச்சம்!

அப்படியானால் எழுத்தின் தோற்றம் முக்கியமே இல்லையா?

முக்கியம்! மிகவும் முக்கியம். நம் தமிழே அதற்குச் சாட்சி.

பழைய பனை ஓலைகளில் சொல்லுக்குச் சொல் இடம் விடமாட்டார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். காற்புள்ளி, கேள்விக்குறி எதுவும் இராது. குறில், நெடில் கூடத் தெரியாது. அது 'எரி'யா, 'ஏரி'யா? 'கொடு'வா, 'கோடு'வா? முன்னும் பின்னும் பார்த்து ஊகிக்க வேண்டும். அதைப் படிப்பதற்கே தனிப் புலமை வேண்டியிருந்தது. அதனால் படிப்பு ஒரு சிலரிடமே தங்கிவிட்டது.

பிறகு தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில் எ, ஏ, ஒ, ஓ ஆகியவற்றுக்கு வேறுபாடு தெரியும்படி எழுத்தைச் சீர்திருத்தினார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், நிறுத்தக் குறிகளோடு தெளிவான உரைநடையை அச்சிட்டார். 1935இல் பெரியார் தம் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். அவற்றில் சிலவற்றை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. தனித் தனியாக நினைவில் வைக்க வேண்டியிருந்த ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகள் மற்ற எழுத்துகளின் வழிக்கு வந்தன. குழந்தைக்குச் சுமை குறைந்தது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கும் ஒரு காலத்தில் சொற்களை ஒட்டி ஒட்டியே எழுதினார்கள். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துத் துறவிகள்தான் சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதும் பழக்கத்தைத் தொடங்கினார்கள்.

இவை தந்திரங்கள் அல்ல. இவை தடையை நீக்கிய சீர்திருத்தங்கள். வித்தியாசத்தைக் கவனியுங்கள். கண்ணாடியைத் துடைத்தால் வெளியே உள்ளது நன்றாகத் தெரியும். கண்ணாடியில் வர்ணம் பூசினால் வர்ணந்தான் தெரியும்.

அமெரிக்காவில் மைல்ஸ் டிங்கர் என்ற அறிஞர், அச்செழுத்தைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இரண்டு வகை உண்டு. எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே அச்சடித்தால் கம்பீரமாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். டிங்கரும் அவருடைய நண்பர் பேட்டர்சனும் 1928இல் சோதித்தார்கள். படிப்பின் வேகம் ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்தது! கம்பீரம் வேறு, வசதி வேறு.

தலைப்பைத் தடித்த எழுத்தில் போடுவது சரி. எங்கே தொடங்குவது என்று அது வழி காட்டுகிறது. ஒரு பக்கத்தில் முக்கியமான ஒரு சொல்லைத் தடித்துப் போடுவதும் சரி. எல்லாவற்றையும் தடித்துப் போட்டால்? ஊரில் எல்லோரும் கூவினால் யார் குரல் கேட்கும்?

கலர் கோடு போடும் மாணவர்கள்

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடப் புத்தகத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போடுகிறீர்கள். பக்கம் முழுவதும் தீபாவளி போல ஜொலிக்கிறது. பாடம் மனதில் ஏறியதா?

2013இல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் பத்துப் படிப்பு முறைகளை எடை போட்டுப் பார்த்தார்கள். கோடு போடுவது மிகக் குறைந்த பயன் தரும் முறைகளில் ஒன்று என்றார்கள். மிகுந்த பயன் தரும் முறைகளில் ஒன்று என்ன தெரியுமா? புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவுபடுத்திப் பார்ப்பது!

2006இல் நடந்த ஒரு சோதனையைக் கேளுங்கள். மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடத்தைப் படித்தார்கள்; மறுபடியும் அதையே படித்தார்கள். மற்றப் பிரிவினர் ஒரு முறை படித்தார்கள். பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்தவர்கள் 42 சதவீதம் சொன்னார்கள். நினைத்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் சொன்னார்கள். இதற்குக் கலர் பேனாவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

மனம் அலையாமல் இருக்க

மனம் ஏன் அலைகிறது? எழுத்து மெலிந்திருப்பதாலா? இல்லை. பக்கத்தில் செல்போன் மணி அடிப்பதால். தெரியாத சொற்கள் நிறைந்திருப்பதால். கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால். தூக்கம் போதாததால்.

திரையில் படிப்பதையும் தாளில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைச் சேர்த்து, 2018இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 1,70,000 பேருக்கு மேல் அதில் அடங்கியிருந்தார்கள். கட்டுரையும் பாடமும் தாளில் படித்தவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அவசரமாகப் படிக்கச் சொன்னபோது வித்தியாசம் இன்னும் அதிகம். கதை படிப்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை. ஆகவே, பாடத்தைத் தாளில் படிப்பது நல்லது. கதையை எதில் படித்தாலும் சரி.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு யோசனை. "இப்போதெல்லாம் படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, மனம் ஓடவில்லை" என்கிறீர்களா? பத்திரிகையைக் கையெட்டும் தூரத்தில் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா? அது மனத்தின் கோளாறு அல்ல. வயது ஏறினால் கிட்டப் பார்வை குறைவது எல்லோருக்கும் உள்ளது. கண் மருத்துவரிடம் காட்டி ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எந்த விசேஷ எழுத்தும் செய்யாத உதவியை அந்தக் கண்ணாடி செய்யும்.

மெதுவாகப் படிப்பது குற்றமா?

புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்ட தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறோம். விரலை வைத்துப் படிக்கிறீர்களா? படியுங்கள். உதட்டை அசைத்துப் படிக்கிறீர்களா? படியுங்கள். ஒரு வரியை மூன்று தடவை படிக்கிறீர்களா? மிகவும் நல்லது. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

வேகம் தானாக வரும். பழக்கத்தால் வரும். ஒரு சொல்லை நூறு தடவை பார்த்துவிட்டால், நூற்றோராவது தடவை எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்ததும் பெயர் நினைவுக்கு வருவது போல, சொல்லைப் பார்த்ததும் பொருள் வந்துவிடும். தினம் கால் மணி நேரம் படித்தால் போதும். வேகத்துக்கு உண்மையான வழி இது ஒன்றுதான்.

மேலும், வேகமாகப் படித்தால் யாருக்கு லாபம் என்றும் யோசிக்க வேண்டும். கடன் பத்திரத்தை நீட்டி, "எல்லாம் வழக்கமானதுதான், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறான் ஒருவன். அதில் 'கட்டினால்' என்று இருக்கிறதா, 'கட்டாவிட்டால்' என்று இருக்கிறதா? வட்டி மாதத்துக்கா, வருஷத்துக்கா? அங்கே வேகமாகப் படிப்பவன் வீட்டை இழப்பான். நிதானமாகப் படிப்பவன் வீட்டைக் காப்பான். பதறாத காரியம் சிதறாது.

ஆகவே, சீர்திருத்தம் வேண்டும் என்றால் அச்சடிப்பவர்களிடம் கேட்போம். மருந்துப் பெட்டியில் எறும்பு போல் எழுத்து எதற்கு? கடன் பத்திரத்தில் முக்கியமான நிபந்தனை கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருப்பது எதற்கு? அரசாங்கப் பாரங்களில் ஒருவருக்கும் புரியாத சொற்கள் எதற்கு? எழுத்து பெரிதாக இருக்கட்டும். வரிக்கு வரி இடம் இருக்கட்டும். வாக்கியம் சிறிதாக இருக்கட்டும். தெரிந்த சொல்லால் எழுதட்டும். கோடிக்கணக்கான ஜனங்களின் படிப்பு அந்த நாளிலேயே வேகமாகிவிடும்!

வீட்டில் என்ன செய்யலாம்?

வெளிச்சம் உள்ள இடத்தில் உட்காருங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். திரையில் படிப்பதானால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வந்தால் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து எழுத்தில் தடுமாறினால், அடிக்காதீர்கள். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

தடித்த எழுத்து யாருக்காவது பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். கெடுதல் பெரிதாக இல்லை. அதற்காகப் பணம் மட்டும் கொடுக்க வேண்டாம்.

பிள்ளை புத்தகத்தை மூடியதும், "எத்தனை பக்கம் முடித்தாய்?" என்று கேட்கிறோம். இனி அப்படிக் கேட்க வேண்டாம். "என்ன படித்தாய்? எனக்குச் சொல்லு, கேட்கிறேன்" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்லத் தொடங்கும்போது, படித்ததை நினைவுபடுத்தும் பயிற்சி தானாக நடக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டிக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.